குழந்தை மெலியும் மாதங்கள்



கிராமப்புறத்துக் குழந்தைகளின் சுகவீனத்தைக் குறித்துப் பேச்சு எழும்போதெல்லாம் நல்மனமுள்ள நண்பர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இந்தத் தாய்மார் பிள்ளையை ஏன் இவ்வளவு தாமதமாகத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்? இரண்டு நாள் முன்னதாக வந்திருக்கக் கூடாதா?" கேட்பதில் குற்றமில்லை. ஆனால் "அறியாமை" என்று ஒரே சொல்லில் நாமே அதற்குப் பதிலும் சொல்லிவிடுகிறோம். செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரம் கடற்கரைக்கும் இடைப்பட்ட ஊர்களில், சிறு பிள்ளைகளுள்ள ஒரு குடும்பத்தின் ஓராண்டை மாதம் மாதமாகப் பார்த்தால் வேறொரு பதில் கிடைக்கிறது. அதை விளக்கவே இக்கட்டுரை.

மாமல்லபுரத்தை நம்மில் அநேகர் சிற்பங்களுக்காக அறிவோம். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டுபோய்க் கடற்கரைக் கோயிலைக் காட்டிவிட்டு, சுண்டல் வாங்கிக் கொடுத்துத் திரும்பியிருப்போம். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக அங்கே போகும் சாலை ஏறக்குறைய 30 கிலோமீட்டர். 2019 நவம்பர் 29 முதல் செங்கல்பட்டு தனி மாவட்டம். ஏரிப் பாசனத்தில் நெல் விளையும் ஊர்கள், செங்கல் சூளைகளை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள், கடலோரத்தில் மீனவர் குப்பங்கள் என மூன்று விதமான பிழைப்பு இங்கே உண்டு. மூன்றுக்கும் நாட்காட்டி வேறு வேறு.

முதலில் வயல் ஊரை எடுத்துக்கொள்வோம். இங்கே சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று போகம். சம்பா நடவு ஆவணி, புரட்டாசியில். நாற்றுப் பறிப்பு, நடவு, அதன்பின் களையெடுப்பு ஆகியவை பெரும்பாலும் பெண்களின் வேலை. பொழுது விடியும் நேரத்தில் வயலில் இறங்கவேண்டும். ஒரே சமயத்தில் எல்லா வயலுக்கும் ஆள் தேவைப்படுவதால் கூலி கிடைப்பதும் அப்போதுதான். அந்தச் சில வாரங்களில் வேலைக்குப் போகாத பெண், பின்வரும் மழை மாதங்களுக்கு வீட்டில் அரிசி இல்லாமல் நிற்பாள். கைக்குழந்தை எட்டு மாதமாயிருந்தாலும் அவள் போகத்தான் செய்வாள்.

இப்போது குழந்தையின் பக்கம் பார்ப்போம். பெரியவர்கள் காலையில் பழைய சோறும் இரவில் சுடுசோறும் சாப்பிட்டு நாளை ஓட்டிவிடலாம். எட்டு மாதக் குழந்தையின் வயிறு அதன் கைப்பிடியைவிடச் சற்றே பெரிது. தாய்ப்பாலோடு கூட நாளொன்றுக்கு இரண்டு மூன்று வேளை கூழாக மசித்த உணவும், ஒன்பது மாதத்துக்கு மேல் மூன்று நான்கு வேளையும் அதற்கு வேண்டும். தாய் வயலில் நிற்கும் எட்டு மணி நேரத்தில் பாலும் இல்லை, ஊட்டும் கையும் இல்லை. மார்பில் பால் கட்டிக்கொண்டு வலிக்கும். குழந்தை குடிக்காத மார்பில் சில நாட்களிலேயே சுரப்பும் குறையும். கூலி வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் தாய் உலை வைத்துச் சோறாக்கும்போது குழந்தை பசியிலேயே தூங்கிப்போயிருக்கும்.

நம் முன்னோர் இப்படி மெலியும் குழந்தைக்குச் "சவலை" என்று பேர் வைத்தார்கள். தாய் மறுபடி கருவுற்றதால் பால் மறக்கப்பட்ட பிள்ளை சவலைப் பிள்ளை. 1930களில் மேற்கு ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்ட்டில் (இன்றைய கானா) வேலைசெய்த டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர், உடல் வீங்கி, தோல் உரிந்து, எதிலும் நாட்டமின்றி உட்கார்ந்திருந்த குழந்தைகளைக் கண்டார். அவர்களுடைய நோய்க்கு ஊர் மக்கள் சொன்ன "குவாஷியார்க்கர்" என்ற பெயரையே மருத்துவ உலகத்துக்கும் தந்தார். அடுத்த குழந்தை வந்ததால் இடம் இழந்த பிள்ளைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். தமிழ்ப் பாட்டியும் ஆப்பிரிக்கப் பாட்டியும் ஒன்றையேதான் கண்டிருக்கிறார்கள்!

இன்று தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தைகள் என்று 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வு கூறியது. ஆகவே தம்பி பிறந்ததால் சவலையாகும் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள். இன்றைய சவலை பெரும்பாலும் வேலையால் வருவது என்பது என் எண்ணம். ஒரு காலத்தில் எட்டு வயது அக்காள் இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டு, நடுப்பகலில் வயல் வரப்புக்கே கொண்டுபோய்ப் பால் கொடுக்கவைப்பாள். இன்று அந்த அக்காள் பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள். அது மிக நல்லது. ஆனால் அவள் விட்டுப்போன இடுப்புக்குப் பதில் யார்? பாட்டி இருந்தால் பாட்டி. இல்லையேல் வேப்பமரத்துக் கிளையில் கட்டிய தூளி.

அங்கன்வாடி இருக்கிறதே என்று கேட்கலாம். 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டமும், 1982 ஜூலையில் விரிவுபடுத்தப்பட்ட சத்துணவுத் திட்டமும் தமிழ்நாட்டுக் குழந்தைகளுக்குச் செய்த நன்மை பெரிது. எடை பார்ப்பதும் சத்துமாவு தருவதும் ஆறு மாதத்திலிருந்தே நடக்கின்றன. ஆனால் மையத்தில் பகலெல்லாம் இருக்க இரண்டு வயதாகவேண்டும். குழந்தை மெலியத் தொடங்குவதோ ஆறு மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் இடையில். 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டத்தில் ஒரு நல்ல விதி எழுதப்பட்டிருந்தது. வேலையிடத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ வந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்தி அவளுக்கும் கூலி தரவேண்டும் என்பதே அது. தனியார் வயலின் வரப்பில் அப்படியொரு ஏற்பாடு இல்லை.

குழந்தை ஒரேயடியாக மெலிவதில்லை. மாதம் மாதமாக மெலிகிறது. பிறந்தபோது இருந்த எடை ஐந்தாம் மாதத்தில் இரட்டிப்பாகவும், ஒரு வயதில் மும்மடங்காகவும் ஆகவேண்டும். 1980இல் உலக வங்கி உதவியுடன் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், 6 முதல் 36 மாதக் குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்தார்கள். எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் 90 நாள் கூடுதல் உணவு கொடுத்து, அதன் தாயோடு உட்கார்ந்து பேசினார்கள். எலும்பும் தோலுமாகும்வரை காத்திராமல், எடைக்கோடு படுத்தவுடனே கண்டுகொள்வதே அதன் சாரம். அந்த எளிய தராசு இன்றைக்கும் மிகுந்த பிரயோஜனமுள்ளது.

மெலிந்த உடம்போடு குழந்தை ஐப்பசிக்குள் நுழைகிறது. இந்த வட்டாரத்தின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. கிணற்றில் வெள்ளம் கலக்கும்; தெருவில் சாக்கடையும் குடிநீரும் ஒன்றாகும். இப்போது மீனவர் குப்பத்துக்கு வருவோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை இருப்பதை அறிவீர்கள். அந்தத் தடை விசைப்படகுகளுக்குத்தான். இங்கே மணலிலிருந்து தள்ளிவிடும் சிறிய ஃபைபர் படகுகளுக்கு இல்லை. இவர்களுடைய பஞ்ச மாதங்கள் மழை மாதங்களே. வாடைக்காற்று வீசும், புயல் எச்சரிக்கை வரும், படகு நாட்கணக்கில் கரையில் கிடக்கும். 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தின் அருகேதான் கரை கடந்தது. மீன் இல்லையென்றால் கூடை சுமந்து விற்கப் போகும் பெண்ணுக்கும் வருமானம் இல்லை. வயல் ஊரில் நடவுக் காலத்தில் கையில் காசு உண்டு, வீட்டில் தாய் இல்லை. குப்பத்தில் மழைக்காலத்தில் தாய் வீட்டில் உண்டு, ஆட்டோவுக்குக் கொடுக்கக் காசு இல்லை. தாமதத்துக்குக் காரணம் ஊருக்கு ஊர் இப்படி மாறுகிறது.

பேதி கண்டால் "சீர் தட்டிவிட்டது" என்பார்கள். உச்சிக்குழி பள்ளமானால் "உச்சி விழுந்துவிட்டது" என்று எண்ணெய் வைத்துத் தேய்ப்பார்கள். இதைக் கேட்டு நகைக்கவேண்டாம். உச்சிக்குழி உள்வாங்குவது உடம்பில் நீர் வற்றியதற்கு மருத்துவரும் தேடும் அடையாளம். பாட்டி சரியான இடத்தைத்தான் தொட்டிருக்கிறாள்; எண்ணெய்க்குப் பதில் தண்ணீரும் உப்பும் சர்க்கரையும் வேண்டும், அவ்வளவே.

அந்தக் கலவையின் வல்லமையை உலகம் கண்டது 1971இல். வங்காளதேசப் போரின் அகதிகள் நிறைந்த பன்காவ் முகாமில் காலரா பரவியபோது, நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோயிற்று. டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு ஆகியவற்றைப் பொட்டலமாகக் கட்டி, தண்ணீரில் கரைத்து வாய்வழியே கொடுக்கும்படி உறவினர் கையிலேயே தந்தார். நூற்றுக்கு முப்பது வரை இருந்த மரணம் நான்குக்கும் கீழே இறங்கிற்று. அவர் 2022இல் காலமானார். மறு ஆண்டு பத்ம விபூஷண் விருது அவர் பெயருக்கு அறிவிக்கப்பட்டது.

பொட்டலம் கிடைக்காத இரவில் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறின தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கலந்து கொடுக்கலாம். உப்பிட்ட அரிசிக் கஞ்சித் தண்ணீரும் நல்லது. இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஒவ்வொரு முறை பேதியான பிறகும் 50 முதல் 100 மில்லி, கரண்டி கரண்டியாக. வாந்தியெடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் மெல்லக் கொடுக்கவேண்டும். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. கடையில் அட்டைப்பெட்டியில் வரும் இனிப்புப் பானங்களைப் பேதிக்கு மருந்தென்று வாங்குவோர் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுக்கு ஒத்துவராத பானங்களின் பெயரில் "ஓ.ஆர்.எஸ்." என்று போடக்கூடாதென 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. குழந்தை குடிக்க முடியாமல் துவண்டாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

மார்கழிப் பனியில் வேறுவகைப் பேதி வரும். அது ரோட்டா வைரஸ். சுத்தமான வீட்டையும் விடாது. இதற்கான இந்தியச் சொட்டுமருந்தான ரோட்டாவாக், டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டது. 2017 முதல் தமிழ்நாட்டில் 6, 10, 14 வாரங்களில் ரோட்டா சொட்டுமருந்து இலவசமாகத் தரப்படுகிறது.

சளிக்கும் இதுவே காலம். மூக்கு ஒழுகுவது வேறு, நெஞ்சில் இறங்குவது வேறு. வித்தியாசம் காண ஒரு கடிகாரம் போதும். அமைதியாக இருக்கும் குழந்தையின் சட்டையைத் தூக்கி, முழு ஒரு நிமிடம் மூச்சை எண்ணவேண்டும். இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40 என்ற அளவையோ அதற்கு மேலோ எட்டினால், அல்லது விலாவுக்குக் கீழே நெஞ்சு உள்வாங்கினால், அது நிமோனியாவாக இருக்கக்கூடும். அன்றே மருத்துவரிடம் போகவேண்டும். குளிப்பாட்டியதும் மூக்கில் எண்ணெய் விடும் பழக்கத்தை மட்டும் பாட்டிமார் தயவுசெய்து விட்டுவிடவேண்டும். அந்த எண்ணெய் நுரையீரலில் இறங்கித் தனியாக ஒரு நிமோனியாவை உண்டாக்கும்.

மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் இருளர் மக்கள் கூடுவார்கள். பிள்ளைகளுக்கு மொட்டையடிப்பதும் காது குத்துவதும் கலியாணமும் மணலிலேயே நடக்கும். அவர்களிலும் மற்ற ஏழைகளிலும் பல குடும்பங்கள், முன்பணம் வாங்கிய கடனுக்காகப் பொங்கல் கழிந்ததும் செங்கல் சூளைக்குப் போய்விடுகின்றன. அங்கே தாயும் தகப்பனும் சேர்ந்துதான் கல் அறுப்பார்கள். குழந்தை காய்கிற கற்களுக்கு நடுவே தவழும். வேர்க்குரு, கட்டி, அம்மை எல்லாம் இந்தக் கோடையில்தான். அம்மை கண்ட வீட்டில் இளநீரும் நுங்கும் கூழும் கொடுப்பது நல்ல வழக்கம். "பத்தியம்" என்று மற்ற உணவைக் குறைப்பதுதான் கெடுதல். தட்டம்மைக்குப் பின் சாப்பாடும் குறைந்தால் பிள்ளை மாதக்கணக்கில் தேறாது.

சூளைக் குடும்பத்தின் கஷ்டம் அட்டையில் தெரியும். ஒன்பதாம் மாதத் தட்டம்மை-ரூபெல்லா ஊசியும் வைட்டமின் ஏ மருந்தும் சொந்த ஊரின் செவிலியர் பதிவேட்டில் காத்திருக்கும். குழந்தையோ இருபது மைல் தள்ளி இருக்கும். தாய் சேய் நல அட்டையைத் துணிமூட்டையோடு எடுத்துச்சென்றால், சூளைக்கு அருகேயுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே அந்த ஊசியைப் போட்டுக்கொள்ளலாம். இது பல தாய்மாருக்குச் சொல்லப்படுவதில்லை.

ஆனியில் மழை தட்டினால் சூளை மூடும். குடும்பங்கள் ஊர் திரும்பும். ஆடியில் தெருவெங்கும் கேழ்வரகுக் கூழ் காய்ச்சுவார்கள். எடை பார்த்து, விட்டுப்போன ஊசிகளைப் போட்டு, பிள்ளையைத் தேற்றக் கிடைப்பது அந்த ஒரு மாதம்தான். ஆவணி பிறந்தால் நாற்றுப் பறிக்க ஆள் கூப்பிடுவார்கள்.