கூடுதலாக வந்த சம்பளமும் கடைசியில் வரும் ரெக்கவரியும்

பெரும்பாலும் அரசு ஊழியரின் பென்ஷன் பேப்பர் அனுப்பும்போதுதான் மிகைச் சம்பளப் பிரச்சினை தலைதூக்கும். பல வருடமாக யாரும் சரியாகப் புரட்டாத சர்வீஸ் ரிஜிஸ்டரை ஏ.ஜி. (மாநிலக் கணக்காயர்) அலுவலகத்தில் வரி வரியாகப் பார்ப்பார்கள். சம்பளமில்லா விடுப்பைக் கழிக்காமல் இன்க்ரிமென்ட் போட்டிருக்கும். அல்லது தேர்வு நிலை சில மாதம் முன்னதாகவே தரப்பட்டிருக்கும். தொடக்கத்தில் மாதத்துக்குச் சில நூறு ரூபாய்தான். ஆனால் ஊதியக் குழு வரும்போதெல்லாம் அந்தப் பிழையின் மேலேயே புதுச் சம்பளம் நிர்ணயமாகி, அகவிலைப்படியும் சேர்ந்து, ஓய்வுபெறும் நாளில் லட்சத்தைத் தொட்டுவிடும். பணிக்கொடையில் பிடித்துக்கொள்ளச் சொல்லி ஓர் உத்தரவு வரும். நிர்ணயம் செய்த எழுத்தரும் கையெழுத்திட்ட அதிகாரியும் எப்போதோ மாறிப் போயிருப்பார்கள்.

அரசு தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. கொடுத்தவருக்கோ வாங்கியவருக்கோ சொந்தமில்லாத, மக்களின் வரிப்பணம் அது என்று 2012-ல் உத்தராகண்ட் ஆசிரியர்கள் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொன்னது. இரண்டே வருடத்தில், 2014 டிசம்பர் 18 அன்று, பஞ்சாப் வழக்கில் அதே நீதிமன்றம் வரம்பு கட்டியது. எதிர்மனுதாரர் பெயருக்குப் பக்கத்தில் ‘ஒயிட் வாஷர்’ என்று அடைப்புக்குறிக்குள் குறிப்பிடப்பட்ட வழக்கு அது. சி, டி பிரிவு ஊழியர்களிடம் பிடிக்கக் கூடாது. ஓய்வுபெற்றவர்களிடமும், ஓராண்டுக்குள் ஓய்வுபெற இருப்பவர்களிடமும் கூடாது. ஐந்து ஆண்டுக்கு மேல் தொடர்ந்து வந்த மிகை ஊதியத்தைப் பிடிக்கக் கூடாது. தவறுதலாக மேல்பதவி வேலையை வாங்கிக்கொண்டு அதற்குக் கொடுத்த சம்பளத்தையும் கேட்கக் கூடாது. இவை தவிர, வசூலிப்பது ஊழியருக்கு மிகக் கொடுமையாக முடியும் இடங்களிலும் கூடாது.

இது போன பணத்துக்குத்தான் காப்பு. சம்பளத்தைத் திருத்தவோ, திருத்திய சம்பளத்தில் பென்ஷன் கணக்கிடவோ தடையில்லை. 2016 மார்ச்சில் இந்தத் தீர்ப்பைச் சுற்றறிக்கையாக அனுப்பிய மத்தியப் பணியாளர் துறை, தள்ளுபடிக்குச் செலவினத் துறையின் ஒப்புதல் வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டது. நீதிமன்றம் பிடிக்கக் கூடாது என்றதற்கும் தனியே ஒரு கோப்பு!

இந்தக் காப்பில் பெரிய ஓட்டை விழுந்தது அதே வருடம் ஜூலையில். ஹரியானா நீதித்துறை அலுவலர் ஒருவரின் வழக்கில், மிகையாக வந்தால் திருப்பித் தருகிறேன் என்று உறுதிமொழி கொடுத்தவர் அதற்குக் கட்டுப்பட்டவரே, ஓய்வுபெற்றுவிட்டேன் என்பது செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். ஊதியக் குழு விருப்பப் படிவத்தோடு அந்த உறுதிமொழியையும் சேர்த்தே வாங்குவது பல அலுவலகங்களில் வழக்கம். போடாமல் இருந்தால் புதுச் சம்பளம் நிற்கும். மறுக்க வழியில்லாத கையெழுத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

கேரளத்தில் 1999-ல் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு, பிடிக்கக் கூடாது என்ற தீர்ப்பு உச்ச நீதிமன்றத்தில் கிடைத்தது 2022 மே மாதம். அவர் மோசடியோ தவறான தகவலோ தந்து வாங்கவில்லை என்பதுதான் அவரைக் காப்பாற்றியது. அதுவும் உரிமையாக அல்ல, ஊழியரின் கஷ்டம் கருதித் தரும் நிவாரணமாக. ரெக்கவரி உத்தரவு கைக்கு வந்தவர் வக்கீலைப் பார்க்கும் முன், தன் சர்வீஸ் ரிஜிஸ்டரில் அந்த உறுதிமொழிப் படிவம் இருக்கிறதா, எந்தத் தேதியில் கையெழுத்திட்டது என்று பார்த்துவிடுவது நல்லது.