யானைக்கவுனி வீட்டில் பாட்டு செய்ய எந்தக் கம்ப்யூட்டர்?

வீட்டிலேயே பாட்டு பதிவு செய்ய எந்தக் கம்ப்யூட்டர் வாங்கலாம் என்று கடையில் கேட்டால் பிராசஸர் பேரைச் சொல்வார்கள். யூடியூபில் தேடினால் யாரோ ஒருவர் ஏசி அறையில், சுவர் முழுக்க ஃபோம் ஒட்டிக்கொண்டு, ஒன்றரை லட்ச ரூபாய் லேப்டாப்பைப் பிரித்துக் காட்டுவார். நீங்கள் எந்த அறையில் உட்கார்ந்து பாடப்போகிறீர்கள் என்று இரண்டு பேருமே கேட்க மாட்டார்கள். என்னைக் கேட்டால் அங்கிருந்துதான் ஆரம்பிக்கணும்.

இந்தக் குறிப்புக்குக் காரணம் யானைக்கவுனியில் இருக்கும் ஒரு தம்பி. மொத்த வியாபாரக் கடை ஒன்றில் பில் போடும் வேலை, ராத்திரியில் கானா. போனில் பதிவு செய்து போட்டுக்கொண்டிருந்தவர், இப்போது ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று ஒரு கேமிங் லேப்டாப் பார்த்து வைத்திருந்தார். விலை ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு, பதினெட்டு மாத இஎம்ஐ. "ண்ணா, கேமுக்கே ஓடுதுன்னா பாட்டுக்கு ஓடாதா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஓடும். ஆனால் அந்தப் பணத்தில் பெரும்பங்கு பாட்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பாகத்துக்குப் போகிறது. பதினெட்டு மாதம் என்பது அவர் சம்பளத்தில் சின்ன விஷயமும் இல்லை.

கம்ப்யூட்டர் இந்த வேலைக்குள் எப்படி வந்தது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். 1983-இல் மிடி என்ற ஏற்பாடு வந்தது. ஒரு கம்பெனி கீபோர்டு இன்னொரு கம்பெனி கருவியோடு பேசுவதற்கான பொது மொழி அது. 1985-இல் வந்த அட்டாரி எஸ்டி கம்ப்யூட்டரில் மிடி சாக்கெட் உடம்பிலேயே இருந்தது. அதனால் உலகம் முழுக்க இசைக்காரர்கள் அதை வாங்கினார்கள். அன்றைக்குக் கம்ப்யூட்டர் சப்தத்தைத் தொடவே இல்லை. எந்த நோட்டை எப்போது அடிக்கணும் என்று கீபோர்டுகளுக்குக் கட்டளை மட்டும் அனுப்பியது. நம்ம ஊரில் ஏ.ஆர்.ரகுமான் 1989-இல் கோடம்பாக்கத்தில் வீட்டுப் பின்பக்கம் பஞ்சதன் ரெக்கார்ட் இன் கட்டியபோது, வீட்டில் ஸ்டூடியோ என்றால் ஒரு அறை நிறையக் கருவிகள் என்றுதான் பொருள். இன்றைக்கு அந்த அறை மொத்தமும், கீபோர்டு, மிக்ஸர், டேப் மெஷின், எதிரொலிப் பெட்டி எல்லாம், ஒரே கம்ப்யூட்டருக்குள் மென்பொருளாக உட்கார்ந்திருக்கிறது. சிக்கலும் அங்கேதான். அத்தனையையும் அது அந்தந்த நொடியிலேயே செய்து முடிக்கணும்.

வீடியோ எடிட் செய்யும்போது கம்ப்யூட்டர் திணறினால் கொஞ்சம் காத்திருக்கலாம். பாட்டில் காத்திருக்க முடியாது. மைக்கிலிருந்து வரும் ஒலியை நொடிக்கு 44,100 துண்டுகளாக வெட்டுகிறோம். கம்ப்யூட்டர் அதை ஒவ்வொன்றாக எடுக்காது, கூடை கூடையாக எடுக்கும். அந்தக் கூடைக்குத்தான் பஃபர் என்று பெயர். கூடையில் 128 துண்டு என்றால் அது நிரம்ப 2.9 மில்லிசெகண்ட் ஆகும். 512 என்றால் 11.6. 1024 என்றால் 23.2. உள்ளே வர ஒரு கூடை, வெளியே போக ஒரு கூடை, நடுவில் இன்டர்ஃபேஸ் எடுத்துக்கொள்ளும் நேரம் தனி. எல்லாம் கூட்டினால்தான் நீங்கள் பாடியது உங்கள் ஹெட்போனில் திரும்பிக் கேட்க ஆகும் தாமதம்.

இந்த மில்லிசெகண்டை மனசில் வாங்க ஒரு வழி இருக்கிறது. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். அப்படியென்றால் 1 மில்லிசெகண்டுக்கு 34 சென்டிமீட்டர். 10 மில்லிசெகண்ட் தாமதம் என்பது டோலக்காரர் 11 அடி தள்ளி உட்கார்ந்து வாசிப்பது மாதிரி. சமாளிக்கலாம். 30 மில்லிசெகண்ட் என்றால் 33 அடி. அவர் தெருவுக்கு எதிர்ப்பக்கம் திண்ணையில் இருக்கிறார், நீங்கள் இந்தப் பக்கம் நின்று பாடுகிறீர்கள். தாளம் வழுக்க ஆரம்பிக்கும். புளூடூத் ஹெட்போன் போட்டுக்கொண்டு பாடுவது இன்னும் மோசம், பெரும்பாலும் 100 மில்லிசெகண்டைத் தாண்டிவிடும். எனவே வயர் ஹெட்போன்தான், அதில் பேச்சுக்கே இடமில்லை.

கூடையைச் சின்னதாக்கினால் தாமதம் குறையும். ஆனால் அடுத்த கூடை நிரம்புவதற்குள் கம்ப்யூட்டர் கையிலிருப்பதை முடித்தாக வேண்டும். முடிக்கவில்லையென்றால் 'டப்' என்று ஒரு வெடிப்பு, பதிவு கெட்டது. புது கம்ப்யூட்டர் வாங்கியும் இந்த டப் டப் நிற்கவில்லை என்று புலம்புகிறவர்கள் நிறைய. காரணம் பல நேரம் வேகக்குறைவே இல்லை. வைஃபை டிரைவரோ வேறெதோ ஒரு பின்னணி வேலையோ நடுவில் நுழைந்து, சில மில்லிசெகண்டுக்குப் பிராசஸரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. விண்டோஸில் லேட்டன்சிமான் என்று ஒரு மென்பொருள் உண்டு, யார் அப்படிப் பிடிக்கிறார்கள் என்று காட்டிக்கொடுக்கும். கடையில் ஒரு மெஷினைப் பார்க்கும்போது பத்து நிமிஷம் அதை ஓடவிட்டுப் பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். பதிவு செய்யும் நேரத்தில் வைஃபையை அணைத்து வைப்பதும் நல்ல பழக்கம்.

இப்போது பணம் எங்கே போகணும் என்று பார்க்கலாம். பிராசஸரில் கோர் எண்ணிக்கையைவிட ஒற்றைக் கோரின் வேகம் முக்கியம். ஒரு டிராக்கில் வரிசையாக எஃபெக்ட் போட்டால் ஒன்றின் விடை வந்த பிறகுதான் அடுத்தது தொடங்க முடியும், அதை நாலு கோருக்குப் பிரித்துக் கொடுக்க வழியில்லை. வேறு வேறு டிராக்குகளைப் பிரித்துக் கொடுக்கலாம், எல்லாம் கடைசியில் சேரும் மாஸ்டர் சேனல் மறுபடி ஒற்றை வரிசைதான். கிராபிக்ஸ் கார்டுக்குப் பாட்டில் ஏறக்குறைய வேலையே கிடையாது. கேமிங் லேப்டாப்பில் நீங்கள் காசு கொடுப்பது அதற்குத்தான், அதைக் குளிர வைக்கும் ஃபேன்களுக்கும் சேர்த்து.

ரேம் விஷயத்தில் ஆளுக்கு ஆள் கணக்கு மாறும். பதிவு செய்த குரல் அப்படியொன்றும் பெரிய சுமை இல்லை. 24 பிட்டில் ஒரு மோனோ டிராக் நிமிஷத்துக்கு 8 எம்பி எடுக்கும். டோலக், டேப், சட்டி, இரண்டு குரல், கோரஸ் என்று 12 டிராக்கில் 4 நிமிஷக் கானா பதிந்தாலும் 400 எம்பிக்குள் முடிந்துவிடும். சினிமாப் பின்னணி இசை மாதிரி, வயலின் கூட்டம் மொத்தத்தையும் சாம்பிளாக வைத்து வாசிக்கிறவர்களுக்குத்தான் 32 ஜிபி, 64 ஜிபி என்று போகும். நம் தம்பிக்கு 16 ஜிபி தாராளம். 8 ஜிபியில் இன்றைக்குத் தொடங்க வேண்டாம். டிஸ்க் எஸ்எஸ்டியாக இருக்கணும். வேகத்துக்காக மட்டும் சொல்லவில்லை, அது சுற்றாது, அதனால் சப்தமும் போடாது.

சப்தம் என்றதும் யானைக்கவுனிக்கு வருவோம். சென்ட்ரலுக்கும் பேசின் பிரிட்ஜுக்கும் நடுவில் ரயில் தடம், வால்டாக்ஸ் ரோடு பக்கம் சரக்கு ஏற்றி இறக்கும் வண்டிகள், அந்தப் பக்கம் மிண்ட் தெரு. ஒரு சுவரை இரண்டு வீடு பங்கு போட்டுக்கொள்ளும் நெருக்கம். வெளிச் சப்தம் ராத்திரி ரெண்டு மணிக்கு மேல் அடங்கும். அந்த நேரத்தில் கதவு ஜன்னலைச் சாத்தி, சீலிங் ஃபேனை நிறுத்தி, ஏசி இருந்தால் அதையும் நிறுத்தித்தான் பாட முடியும். மே மாதத்தில் பத்து நிமிஷத்தில் அறை கொதிக்க ஆரம்பிக்கும். அறை சூடானால் கம்ப்யூட்டர் சூடாகும், உள்ளே இருக்கும் ஃபேன் முழு வேகத்தில் சுற்றும். நாம் எல்லாவற்றையும் அணைத்து அமைதி உண்டாக்கிய அதே நிமிஷத்தில் அது கத்தத் தொடங்குகிறது, அதுவும் மைக்கிலிருந்து இரண்டடி தூரத்தில். இன்னும் சூடேறினால் பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். அப்போது கூடை நேரத்துக்குக் காலியாகாது, டப் டப் வரும். விளம்பரத் தாளில் போட்டிருக்கும் வேகம் இந்த அறையில் கிடைக்காது. கேமிங் லேப்டாப் வேண்டாம் என்று நான் அடித்துச் சொன்னதற்கு இதுதான் முதல் காரணம், கிராபிக்ஸ் கார்டு இரண்டாவதுதான்.

இதற்கு இரண்டு வழி. ஒன்று, சப்தமே போடாத மெஷின். ஆப்பிளின் மேக்புக் ஏரில், 2020 நவம்பரில் வந்த எம்1-இலிருந்து, ஃபேனே கிடையாது. சூடானால் வேகம் குறையும்தான், ஆனால் கானா அளவுக்குப் பிரச்சினை வருவதில்லை. மேக் மினியில் ஃபேன் உண்டு, காது கொடுத்துக் கேட்டால்தான் தெரியும். 2024 நவம்பரில் வந்த எம்4 மேக் மினி 16 ஜிபி ரேமோடு 59,900 ரூபாய்க்கு அறிமுகமானது. மானிட்டர், கீபோர்டு, மவுஸ் தனி. ரேமைப் பிறகு கூட்ட முடியாது என்பதை நினைவில் வையுங்கள்.

இன்னொன்று, சப்தம் போடும் மெஷினை அறைக்கு வெளியே அனுப்புவது. யூஎஸ்பி 2 கேபிள் 5 மீட்டர் வரை போகலாம். டவரைக் கதவுக்கு அந்தப் பக்கம், சமையல்கட்டிலோ நடையிலோ வைத்துவிட்டு, இன்டர்ஃபேஸும் மைக்கும் மட்டும் உள்ளே வைத்துக்கொள்ளலாம். ஒண்டுக்குடித்தனத்தில் நடை பொதுவாக இருக்கும், பக்கத்து வீட்டு அக்கா கால் இடறுவார், அதையும் யோசிச்சுக்கணும். இந்த ஏற்பாட்டுக்குப் பழைய ஆபீஸ் டெஸ்க்டாப்பே போதும். ரிச்சி தெருவில் கம்பெனிகள் கழித்துக்கட்டிய மெஷின்கள் வரிசையாக நிற்கும். வாங்கும்போது ஒன்றை மட்டும் கறாராகப் பாருங்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 முறைப்படி ஏற இன்டெலில் 8-ஆம் தலைமுறையாவது வேண்டும். ஐ5 என்று மட்டும் சொல்லி விற்பார்கள். அதற்குப் பின்னால் வரும் எண்ணைக் கேளுங்கள். 8500 என்றால் ஆறு கோர், நம் வேலைக்கு நல்ல மெஷின். 3470, 4570 என்றால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.

மேக்கா விண்டோஸா என்ற சண்டைக்குள் நான் போகப்போவதில்லை. உங்களோடு சேர்ந்து வேலை செய்கிறவர்கள் எதில் இருக்கிறார்கள் என்று பாருங்கள், அதுவே பாதி பதில். லாஜிக் மேக்கில் ஓடும், விண்டோஸில் ஓடாது. எஃப்எல் ஸ்டூடியோ 2018-இலிருந்து இரண்டிலும் ஓடுகிறது, ஒருமுறை வாங்கினால் பிறகு வரும் பதிப்புகளுக்குக் காசு கிடையாது. ரீப்பர் இரண்டிலும் லினக்ஸிலும் ஓடும், பழைய மெஷினுக்கு ரொம்ப இணக்கமானது. விண்டோஸ் எடுத்தால் இன்டர்ஃபேஸ் கம்பெனியே எழுதிய ஆசியோ டிரைவர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மேக்கில் இந்த வேலையை கோர் ஆடியோ என்று உள்ளேயே வைத்திருக்கிறார்கள்.

அடுத்து கரண்ட். பழைய வீடுகளில் மூணு பின் பிளக் பாயின்ட் இருக்கும், எர்த் ஒயர் எங்கேயும் போகாது. லேப்டாப்பின் உலோக உடம்பைத் தொட்டால் சுறுசுறுவென்று லேசாக இழுக்கிறதா? அதுதான் அடையாளம். அதே ஓட்டம் பதிவுக்குள் 'ம்ம்ம்' என்று 50 ஹெர்ட்ஸ் ரீங்காரமாக வரும். சோதித்துப் பார்ப்பது சுலபம். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் பதிவு செய்யுங்கள். ரீங்காரம் நின்றுவிட்டால் எர்த்தில்தான் கோளாறு. புது மைக், புது கேபிள் என்று அலைய வேண்டாம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். சிலர் எர்த் பின்னையே வெட்டிவிட்டு ரீங்காரம் போச்சு என்பார்கள். உயிரோடு விளையாடும் வேலை அது. டெஸ்க்டாப்புக்கோ மேக் மினிக்கோ யூபிஎஸ் கட்டாயம். வீட்டில் இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் என்றால், அதில் ஓடும்போது பதிவு செய்யாதீர்கள், அந்தக் கரகரப்பும் உள்ளே வந்துவிடும். துறைமுகக் காற்றின் உப்பும் தூசியும் சாக்கெட்டுகளைச் சீக்கிரம் கெடுக்கும், வேலை முடிந்ததும் துணி போட்டு மூடி வையுங்கள்.

இந்த விவரமெல்லாம் இவ்வளவு சின்ன அறைக்குத் தேவையா என்று தோன்றலாம். 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதல் மேடை ஏறியபோது, சாவு வீட்டுப் பாட்டு என்று ஒதுக்கி வைத்திருந்த கானாவைப் பல ஆயிரம் பேர் நின்று கேட்டார்கள். அதில் பாடிய வடசென்னைப் பெண் இசைவாணியின் பெயர் 2020-இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் வந்தது. கேட்க ஆள் இருக்கிறது. பதிவு சுமாராக இருந்தால் இன்னொருத்தர் அதையே நன்றாகப் பதிந்து போட்டுக்கொள்வார், பாட்டு யாருடையது என்று பிறகு யாரும் கேட்பதில்லை.

தம்பிக்குக் கடைசியில் அமைந்தது ஒரு பழைய ஐ5 8500 டெஸ்க்டாப், ரேம் 16 ஜிபியாக்கி, புது எஸ்எஸ்டி போட்டு. இஎம்ஐ இல்லை. மிச்சமான பணத்தில் இரண்டு சேனல் இன்டர்ஃபேஸ், வயர் ஹெட்போன், யூபிஎஸ். மைக்கில் கண்டென்சர் வேண்டாம், டைனமிக் எடுங்கள் என்றேன். கண்டென்சர் தடதடக்கும் ரயிலையும் சேர்த்துப் பிடிக்கும். ஷ்யூர் எஸ்எம்58 மாதிரி மேடை மைக் வாய்க்குக் கிட்டே இருப்பதைத்தான் பெரிதாக எடுக்கும். டவர் நடையில், கேபிள் கதவிடுக்கு வழியாக. பாடும்போது பஃபர் 128, மிக்ஸ் பண்ணும்போது 1024. டிராக் கூடினால் எஃபெக்ட் போட்டதை ஃப்ரீஸ் செய்து ஒலியாக்கிவிடலாம், பிராசஸருக்குச் சுமை இறங்கிவிடும். ஒவ்வொரு ராத்திரியும் வேலை முடிந்ததும் வெளி டிஸ்க் ஒன்றில் நகல் எடுத்து வைக்கணும், அந்த டிஸ்க் டவரோடு நடையில் இருக்கக் கூடாது.