வாத்தியத்துக்குள் இருக்கும் சாகித்தியம்

பாடுவதற்கென இயற்றப்பட்ட பாடலைச் சொற்களின்றி வாத்தியத்தில் வாசிப்பது அமெரிக்க ஜாஸ் இசைக்கும் கர்நாடக இசைக்கும் பொதுவான வழக்கமே எனினும், இரண்டும் பாடலைக் கையாளும் முறை வேறு. ஜாஸில் பழகிய மெட்டு முதலில் அடையாளம் தெரியும்படி வாசிக்கப்படும். பின்னர் அதற்கு அடித்தளமான 'கார்டு' வரிசை, அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டங்களின் ஒழுங்கு, திரும்பத் திரும்பச் சுழல, அதன்மேல் கலைஞர் அந்தந்தக் கணத்தில் தோன்றும் கற்பனையை வாசித்து, இறுதியில் மெட்டுக்குத் திரும்புவார். 1959இல் நியூயார்க்கில் மேடையேறிய 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' நாடகத்தின் 'மை ஃபேவரிட் திங்ஸ்' பாடலை ஜாஸ் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் 1960இல் சொப்ரானோ சாக்சபோனில் பதிவு செய்தபோது, கற்பனைப் பகுதிகளை இரண்டே கார்டுகளின்மேல் நெடுநேரம் நிறுத்தி, ஏறத்தாழ 14 நிமிடங்களுக்கு விரித்ததால், அது சுருதியின்மேல் வளரும் ராக ஆலாபனைக்கு நெருங்கியது.

கர்நாடக இசையிலோ, கீர்த்தனையின் சாகித்தியம், அதாவது பாடல் வரி, ஒலிக்காதபோதும் வாசிப்பை ஆள்கிறது. நாகஸ்வரக் கலைஞரின் மகனான கத்ரி கோபால்நாத் (1949–2019), மைசூர் அரண்மனை பேண்டில் கேட்ட சாக்சபோனால் ஈர்க்கப்பட்டு அதைக் கச்சேரி வாத்தியமாக்க முனைந்தபோது எதிர்கொண்ட சிக்கல், சுரங்களைத் தனித்தனியே நிறுத்தும் விசைகள் கொண்ட அக்கருவியில் கமகத்தை, அதாவது சுரத்தின் அசைவையும் வழுக்கலையும், உதட்டாலும் மூச்சாலும் வரவழைப்பதாகும். அதனுடன், சொல்லின் அசை தொடங்கும் இடத்தில் நாக்கால் ஒலியைத் தட்டிப் பிரிக்கவும் வேண்டும். நாகஸ்வரத்தில் துத்துகாரம் எனும் நாக்குத் தட்டல் செய்யும் வேலையும் இதுவே. 1980இல் பம்பாய் ஜாஸ் விழாவில் அமெரிக்க சாக்சபோன் கலைஞர் ஜான் ஹேண்டியுடன் அவர் இணைந்து வாசித்தார், 1994இல் ஏ.ஆர். ரகுமான் இசையமைத்த 'டூயட்' படம் அவரது வாசிப்பைத் தமிழகத்தின் பட்டிதொட்டியெங்கும் கொண்டு சேர்த்தது.

சொல்லின் ஆட்சி மிகத் தெளிவாகத் தெரிவது நிரவலில்தான். ஒரே வரியை எடுத்து, அதன் சொற்கள் தாளத்தில் விழும் இடம் மாறாமல் மெட்டை மட்டும் மாற்றிக்கொண்டு போகும் இம்முறையை வாத்தியத்தில் கேட்கும்போது, வரியறிந்த ரசிகரே அதன் நுட்பத்தை முழுதும் உணர்கிறார். மெட்டை விட்டு விலகும் உரிமை பெற்ற ஜாஸிலும்கூட, ஒரு பாடலை வாசிப்பவர் அதன் வரிகளை அறிந்திருக்க வேண்டும் என்பதே சாக்சபோன் மேதை லெஸ்டர் யங்கின் கொள்கையாக இருந்தது.