வலிப்பு மாத்திரையும் கருவில் வளரும் மூளையும்

வளர்ந்தவர் மூளையில் ‘காபா’ என்னும் வேதிப்பொருள் நரம்புச் செல்களை அடக்கும் கடிவாளம். கருவின் மூளையிலோ அதே காபா செல்களைத் தூண்டுகிறது. இளம் செல்களுக்குள் குளோரைடு மிகுந்திருப்பதே காரணம். செல்கள் தமக்குரிய இடத்திற்கு நகர்வதிலும், ஒன்றோடொன்று இணைவதிலும் அத்தூண்டலுக்குப் பங்குண்டு. ஆகவே தாய்க்கு நன்மை செய்யும் மருந்து, கருவின் மூளையில் வேறு விதமாகச் செயல்படக்கூடும்.

வலிப்பு நோய்க்கான வால்புரோயேட் அத்தகையது. காபாவின் வலிமையைக் கூட்டுவதோடு மரபணுக்களின் இயக்கத்தையும் அது மாற்றுகிறது. கருவுற்ற காலத்தில் இதை உட்கொண்ட தாய்மார்களின் குழந்தைகளில் 100-க்கு ஏறத்தாழ 10 பேருக்குப் பிறவி உறுப்புக் குறைபாடும், 30 முதல் 40 பேருக்குப் பேச்சு, கற்றல் போன்றவற்றில் பின்னடைவும் காணப்படுகின்றன. மருந்தின் அளவு கூடக்கூட ஆபத்தும் கூடுகிறது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம் 1998 முதல் வலிப்புள்ள தாய்மார்களையும் அவர்தம் குழந்தைகளையும் பதிவேட்டில் தொடர்ந்து வருகிறது. அவர்களுள் பெரும்பாலோர் நலமான குழந்தைகளையே பெற்றுள்ளனர்.

துறையூர்ப் பகுதியில் நாங்கள் அஞ்சுவது வேறொன்றை: மணவீட்டாருக்குத் தெரியக்கூடாதென்று மாத்திரையைத் திடீரென நிறுத்திவிடுவது. கட்டுக்கடங்காத வலிப்பு தாய், சேய் இருவர் உயிருக்கும் கேடு. தாமாக நிறுத்த வேண்டாம். லாமோட்ரிஜின், லெவெடிரசெட்டம் போன்ற மாற்று மருந்துகள் உண்டு. ஆனால் படிப்படியாக மாற்றச் சில மாதங்கள் ஆகும். போலிக் அமில மாத்திரையையும் கருவுறுமுன்பே தொடங்க வேண்டும். எனவே திருமணப் பேச்சு எழும்போதே, மாத்திரை அட்டையுடனும் பழைய சீட்டுகளுடனும் எங்களைக் காண வாருங்கள். உடன் வரும் பெற்றோரை வெளியே அமர்த்திவிட்டுத் தனியாகப் பேச விரும்பினால், அதற்கும் இடமுண்டு.