ஓட்டிசமுடைய சிறாரும் அச்சமும்

ஆடித் திங்களில் உடப்புத் திரௌபதையம்மன் கோயிலிலே நிகழும் தீமிதிப்பைக் காணாதார் இவ்வூரில் இலர். கரைவலை இழுக்கும் கைகள் அன்று கூப்பிய கைகளாகும். மேளமும் வெடியும் முழங்கச் சிறுவர் துள்ளி மகிழும் அவ்வேளையிற் காதைப் பொத்திக்கொண்டு வீட்டு மூலையில் ஒடுங்கும் பிள்ளையும் உண்டு. பயந்தாங்கொள்ளி என்று நாம் நகையாடும் அப்பிள்ளைக்கு ஓட்டிசம் இருத்தலுங் கூடும்.

அமெரிக்காவிற் பணியாற்றிய லியோ கானர் என்னும் வைத்தியர் 11 பிள்ளைகளைப் பற்றி 1943 இல் எழுதிய கட்டுரையால் இந்நிலை உலகறியலாயிற்று. அவர்கள் பேரொலியை அஞ்சியதையும், எல்லாம் நேற்றுப்போலவே இருத்தல் வேண்டுமெனத் தவித்ததையும் அவர் அன்றே குறித்தார். நம் நாட்டிலே பேராசிரியை ஹேமமாலி பெரேராவும் உடனாய்ந்தோரும் 2009 இல் வெளியிட்ட ஆய்வு, தாம் நோக்கிய பிரதேசத்தில் இரண்டு வயதுக்குட்பட்ட 93 குழந்தைகளுள் ஒருவருக்கு இந்நிலை உண்டெனக் கண்டது. ஆகவே இது தூர தேசத்துக் கதை அன்று.

வயது வந்தால் அச்சம் தீரும் என்பர் பெற்றோர். பலரிடத்து அது தீர்வதில்லை, உருமாறுகிறது. ஐந்து வயதில் வெடியையும் நாயையும் அஞ்சியவன், பதினைந்தில் ஏளனத்தையும் பரீட்சையையும் நாளைய பொழுதையும் அஞ்சுவான். தான் பிறரைப்போல் இல்லை என்பதை உணரும் பருவமன்றோ அது! 2011 இல் நெதர்லாந்து ஆய்வாளர் 31 ஆய்வுகளை ஒருங்கே நோக்கி, ஓட்டிசமுடைய இளையோருள் நூற்றுக்கு 40 பேரளவில் பதகளிப்பு நோய் ஒன்றையேனும் உடையரெனக் கண்டனர். பேச்சுக் குறைந்த பிள்ளைகள் அதனை வாயாற் கூறார். வயிற்றுவலி, உறக்கமின்மை, ஒரே வினாவைத் திரும்பத் திரும்பக் கேட்டல், நாம் அடம் என்று பெயரிடும் அது: இவையே அவர்தம் மொழி.

பயிற்சிக் கலாசாலையிலே உளவியல் கற்றேன், இதனைக் கற்றேனல்லேன். வாங்கின் இடத்தை மாற்றியதற்காக எழுந்து கத்திய மாணவன் ஒருவனை முன்னொருகால் வகுப்புக்கு வெளியே நிறுத்தினேன். ஒழுங்கைக் காத்ததாக அன்று எண்ணினேன். நினைக்கும்போதெல்லாம் இன்றும் நெஞ்சு அறுகிறது.

பின்பு வைத்தியர் ஒருவரின் சொற்படி, மறுநாள் நிகழவிருப்பவற்றை முன்னாளிலேயே அவனுக்குக் கூறி, கரும்பலகையின் ஓரத்தில் வரிசையாக எழுதியும் வைக்கலானேன். அறிகை நடத்தைச் சிகிச்சையை இத்தகையோர்க்கேற்ப மாற்றி அளிப்பதாற் பயனுண்டென ஆய்வுகள் கூறும். அது கிட்டும் வரையில் வெண்கட்டியேனும் எம் கையில் உளதே. அம்மாணவன் காலையில் வந்ததும் அவ்வரிசையை விரலால் தொட்டுத் தொட்டு வாசிப்பான். வாசித்து முடித்த பின்னரே புத்தகப்பையைத் தோளினின்று இறக்குவான்.