கார்த்திகையில் விதை, தையில் பூ

தக்காளி விலை ஏறும்போதுதான் வீட்டில் நாலு செடி வைக்கலாமே என்று தோன்றுகிறது. 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. தமிழக அரசு சென்னையில் ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்க வேண்டிவந்தது. அப்படியொரு வாரத்தில் விதை வாங்கித் தூவினால் செடி வரும், பூவும் வரும். காய் மட்டும் சரியாக நிற்காது. செஞ்சிப் பக்கத்தில் தக்காளி வைக்க நினைப்பவர்கள் உரத்தைப் பற்றியும் பூச்சி மருந்தைப் பற்றியும் விசாரிப்பதற்கு முன்னால், எந்த மாதத்தில் விதைப்பது என்பதைத்தான் முடிவு செய்ய வேண்டும்.

காரணம் இரவில் இருக்கிறது. தக்காளிப் பூ காயாவதற்கு இரவு வெப்பம் 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் நல்லது. பகல் 35 டிகிரியைக் கடந்து, இரவும் 25 டிகிரிக்குக் கீழே இறங்காமல் இருந்தால் மகரந்தம் வீரியம் இழந்துவிடும். பூ காம்போடு மஞ்சளாகி உதிரும். நோய் என்று நினைத்து மருந்து அடிப்பதில் பயனே இல்லை.

செஞ்சியை அடுத்த சிங்கவரத்தில் இது இன்னும் கடுமையாகத் தெரியும். அரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கும் பல்லவர் காலக் குடைவரையும், அதைச் சுற்றிய குன்றுகளும் கருங்கல். பகலெல்லாம் வெயிலை வாங்கிய கல், இருட்டிய பிறகு அந்தச் சூட்டை மெல்ல வெளியே விடும். பாறையை ஒட்டியோ, மேற்கு வெயில் விழும் சுவரை ஒட்டியோ, கான்கிரீட் மாடியிலோ வைத்த செடிக்கு இரவு குளிர்ச்சி தாமதமாகத்தான் கிடைக்கும். காலை வெயில் படுகிற, மதியத்துக்கு மேல் ஒரு முருங்கையின் நிழல் விழுகிற இடம் கிடைத்தால் அதை விடாதீர்கள்.

ஆகவே கணக்கைப் பூவிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். இந்த ஊரில் இரவுகள் குளிர்வது மார்கழியிலும் தையிலும். பூ தையில் மலர வேண்டுமானால் நாற்றை மார்கழித் தொடக்கத்தில் நட வேண்டும். நாற்றுக்கு 25 நாள் வயது வேண்டும். அப்படியானால் விதைப்பு கார்த்திகை முதல் வாரத்தில். பழம் மாசி நடுவில் சிவக்கத் தொடங்கி, பங்குனி வெயில் ஏறும்வரை வரும். ஆனி, ஆடியிலும் விதைக்கலாம்; விவசாயிகள் விதைக்கவும் செய்கிறார்கள். ஆனால் அந்தச் செடி வெக்கையான ஆவணி இரவுகளில் பூத்து, பழுக்கும் நேரத்தில் ஐப்பசி மழையில் நிற்கும். பழம் வெடிக்கும், அழுகும். முதல்முறை வைப்பவர்கள் கார்த்திகைக்குக் காத்திருப்பதே நல்லது.

கார்த்திகையில் ஓர் ஆபத்தும் உண்டு. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது, அருகிலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அதனால் விதையைத் தரையில் போடாமல் குழித்தட்டிலோ பழைய டம்ளர்களிலோ போட்டுத் தாழ்வாரத்தின் ஓரத்தில், வெளிச்சம் வரும் இடத்தில் வையுங்கள். நடும் பாத்தியை ஒரு சாண் உயர்த்திக்கொள்ளுங்கள். தண்ணீர் தேங்கினால் தக்காளி வேர் சீக்கிரம் மூச்சுத் திணறிவிடும்.

அந்த முதல் 25 நாட்கள்தான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. தக்காளிக்கு வரும் நோய்களில் வீட்டுத் தோட்டத்தை முற்றாக ஏமாற்றுவது இலைச்சுருட்டை. இது ஒரு வைரஸ். வெள்ளை ஈ சாறு உறிஞ்சும்போது பரவுகிறது. இளம் நாற்றில் ஏறினால் அந்தச் செடி கடைசிவரை காய்க்காது. நாற்றின்மேல் 50 மெஷ் நைலான் வலை போட்டால் ஈ அண்டாது. சாதாரணக் கொசுவலை போதாது, அதன் கண்ணில் வெள்ளை ஈ எளிதாக நுழைந்துவிடும். வலை கிடைக்காவிட்டால் மெல்லிய பழைய வேட்டியைக் குச்சிகளின்மேல் இழுத்துக் கட்டுங்கள். நட்ட பிறகு, மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவிச் செடி உயரத்தில் தொங்கவிட்டால் ஈக்கள் வந்து ஒட்டும். எத்தனை ஒட்டியிருக்கின்றன என்று பார்த்தாலே நிலைமை புரியும்.

இலை சுருண்டதெல்லாம் வைரஸ் அல்ல. மதிய வெயிலில் கீழ் இலைகள் பச்சை மாறாமல் மேல்நோக்கிச் சுருளும். அது செடி தண்ணீரைச் சேமிக்கும் வழி, கவலைப்பட வேண்டாம். நுனியில் வரும் புது இலைகள் சிறுத்து, ஓரம் மஞ்சளாகி, செடி வளராமல் குட்டையாக நின்றால்தான் வைரஸ். அதற்கு மருந்து கிடையாது. வேப்பெண்ணெய் ஈயைக் குறைக்கும், நோய் வந்த செடியைக் குணமாக்காது. மனசு கேட்காவிட்டாலும் அன்றைக்கே பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். அந்த ஒரு செடியை விட்டுவைத்தால் மற்றவற்றுக்கும் ஈ எடுத்துப் போகும்.

தண்ணீர் விஷயத்தில் அளவைவிட ஒழுங்குதான் பெரிது. இந்தப் பக்கத்துச் செம்மண் சீக்கிரம் காய்ந்துவிடும். நாலு நாள் மறந்துவிட்டு ஐந்தாம் நாள் குடம் குடமாக ஊற்றினால் பழம் வெடிக்கும். காயின் அடியில் கறுப்பாக, தோல்போலக் காய்ந்த வட்டமும் விழும். அந்தக் கறுப்புக்குக் காரணம் கிருமி அல்ல. காயின் நுனிவரை சுண்ணாம்புச் சத்து போய்ச் சேரவில்லை. மண்ணில் அது இல்லாததால் அல்ல, அதை ஏற்றிச் செல்லும் தண்ணீர் விட்டுவிட்டு வந்ததால். முட்டை ஓட்டைப் போடச் சொல்வார்கள். ஓடு மட்க மாதக்கணக்கில் ஆகும், இந்தப் பருவத்துக் காயைக் காப்பாற்றாது. மண்ணை விரலால் தொட்டுப் பார்த்து, ஈரம் மாறாமல் ஊற்றுவதுதான் வழி. செடியடியில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலைத் தோலையோ வைக்கோலையோ மூன்று விரல் கனத்துக்குப் பரப்பிவிட்டால் ஈரம் நிற்கும். மழைத்துளி மண்ணைத் தெறித்துக் கருகல் நோயின் வித்துகளைக் கீழ் இலைகளில் ஏற்றுவதும் குறையும்.

நட்டவுடனே பக்கத்தில் ஒரு சவுக்குக் கழியை ஊன்றுங்கள். செடி பெருத்த பிறகு ஊன்றினால் வேர் அறுபடும். செடிக்குச் செடி ஒன்றரை அடி, வரிசைக்கு வரிசை இரண்டடி. தரையைத் தொடும் இலைகளைக் கிள்ளிவிடுங்கள். மட்கிய எரு தாராளமாகப் போடலாம், யூரியா வேண்டாம். தழைச்சத்து கூடினால் இலை மட்டும் கொழித்துப் பூ குறையும். தக்காளி தன் பூவிலேயே மகரந்தம் சேர்த்துக்கொள்ளும், ஆனால் பூ அதிர வேண்டும். காற்றும், பூவைப் பற்றி அதிரவைக்கும் கருவண்டும் அதைச் செய்யும். கம்பிவலை அடைத்த மாடியிலோ காற்று வராத முற்றத்திலோ இருந்தால், காலை பத்து மணிக்குப் பூங்கொத்தை விரலால் லேசாகச் சுண்டிவிடுங்கள்.

காயில் துளை போடும் புழுவுக்குத் துலுக்க சாமந்தி துணை. தாய் அந்துப்பூச்சி அதன் மொட்டுகளில் முட்டையிட விரும்பும். தக்காளியோடு அதுவும் பூத்திருக்க வேண்டும் என்பதால், சாமந்தி நாற்றைத் தக்காளி நாற்றுக்கு இரண்டு மூன்று வாரம் முந்தியே போட்டுவிட வேண்டும்.

செழிப்பாக நின்ற செடி மஞ்சளாகாமலே ஒரே நாளில் தலை தொங்கினால், அடித்தண்டை அறுத்து, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்து அறுத்த முனையைத் தோய்த்துப் பிடியுங்கள். சில நிமிடங்களில் வெள்ளை நூலாகக் கசிந்தால் பாக்டீரியா வாடல். அந்த மண்ணில் தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றையும் சில வருடங்களுக்கு வைக்காதீர்கள். கசிவு இல்லாவிட்டால் வேரைக் கழுவிப் பாருங்கள். முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு.

ரகத்தைப் பொறுத்தவரை, பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம். 1 இன்றும் வீட்டுக்கு ஏற்றது. அன்னஞ்சி என்ற உள்ளூர்த் தக்காளியிலிருந்து உருவாக்கியது; குத்துச்செடியாக நிற்கும், புளிப்பு நன்றாக இருக்கும். இலைச்சுருட்டை மிகுந்த இடமானால், பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் இலைச்சுருட்டையையும் பாக்டீரியா வாடலையும் முன்பருவக் கருகலையும் தாங்கும். அது வீரிய ஒட்டு ரகம், அதன் விதையை மறுபடி போட்டால் அதே செடி வராது. பி.கே.எம். 1-இல் நோயில்லாத செடியின் நன்கு பழுத்த பழத்தைப் பிழிந்து, விதையைச் சாற்றோடு ஒருநாள் புளிக்கவிட்டு, கழுவி, நிழலில் உலர்த்திக் காகித உறையில் வைத்தால் அடுத்த கார்த்திகைக்கு ஆகும். மண்ணில் சந்தேகம் இருந்தால் திண்டிவனம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்கலாம். பங்குனியில் செடி ஓய்ந்ததும் வேரோடு எடுத்துவிட்டு, மழை விழுந்தபின் அந்த இடத்தில் மல்லாட்டையோ மக்காச்சோளமோ போடுங்கள். தக்காளிக்கு அடுத்த வருடம் வேறு மூலையைப் பாருங்கள்.