நாற்றிலேயே நூலை அறிதல்: பருத்தியும் பிறப்புரிமைக் குறிகளும்

மருதமுனையில் தறிச் சத்தத்தோடு வளர்ந்தவன் நான். வாப்பா நெசவாளி. புது நூல்கட்டு வந்தால் ஓர் இழையைப் பிரித்து முறுக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பிறகு, "பார்வைக்கு நல்லாத்தான் இரிக்கி. நூல்ட குணம் தறியிலதான் மகன் தெரியும்" என்பார். பாவு ஏற்றி, கொஞ்சம் நெய்த பிறகு இழை அறுந்து அறுந்து போகும்போதுதான் நூல் கூடாதென்று விளங்கும். அதற்குள் நாளும் போயிருக்கும், கூலியும் போயிருக்கும்.

பின்னாளில் விவசாய விஞ்ஞானம் படிக்கப் போனபோது, பருத்தி இனவிருத்தியாளர்களுக்கும் இதே கவலை இருப்பதைக் கண்டேன். நாம் நூலாக நூற்பது பருத்தி விதையின் தோலில் முளைக்கும் மயிர். ஒவ்வொரு மயிரும் ஒரே ஒரு கலம். அது நீளமா, உறுதியா என்பது செடி பூத்து, காய்த்து, காய் வெடித்த பிறகுதான் தெரியும். ஆயிரம் நாற்றில் நல்லது பத்துத்தான் என்றாலும், ஆயிரத்தையும் வளர்த்தே ஆக வேண்டும். நாற்றாக இருக்கும்போதே அறிய வழியில்லையா? இந்தக் கேள்விக்கான விடைதான் 'மார்க்கர்' எனப்படும் பிறப்புரிமைக் குறி.

இதை ஓர் உதாரணத்தால் சொல்கிறேன். ஒரே கிதாபுக்கு இரண்டு கையெழுத்துப் பிரதிகள் இருக்கின்றன என்று வையுங்கள். ஒன்றில் நாற்பதாம் பக்கத்தில் ஓர் எழுத்துப்பிழை. இரண்டையும் வைத்துக்கொண்டு மாறி மாறிப் பார்த்து ஒருவர் மூன்றாவது பிரதி எழுதுகிறார். அதில் அந்தப் பிழை இருந்தால், நாற்பத்தோராம் பக்கமும் அதே மூலத்திலிருந்துதான் வந்திருக்கும் என்று அநேகமாக நம்பலாம். நானூறாம் பக்கத்தைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. பிழைக்குப் பெறுமதி எதுவும் இல்லை. பக்கத்தில் இருப்பதை அது காட்டித் தருகிறது, அவ்வளவுதான்.

டி.என்.ஏ.யிலும் இப்படியே. தாயினதும் தந்தையினதும் நிறமூர்த்தங்கள் துண்டு துண்டாகப் பரிமாறப்பட்டே அடுத்த தலைமுறைக்குப் போகின்றன. கிட்ட இருப்பவை சேர்ந்தே போகும். தூர இருப்பவை பிரியும். நூறு பிள்ளைச் செடிகளில் ஒன்றில் மட்டும் இரண்டு குறிகள் பிரிந்திருந்தால், அவற்றின் இடைவெளி ஒரு சென்ரிமோர்கன். இப்படி அளந்து அளந்துதான் வரைபடம் கீறுகிறார்கள். இந்த யோசனை 1980இல் மனிதருக்காக முன்வைக்கப்பட்டது. பருத்தியின் முதலாவது விரிவான வரைபடம் 1994இல் அமெரிக்காவில் வெளியானது. அதில் 705 இடங்கள் குறிக்கப்பட்டிருந்தன.

ஆனால் பருத்தி இலேசில் பிடிகொடுக்கிற பயிர் அல்ல. உலகப் பருத்தியில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கைத் தரும் மேட்டுநிலப் பருத்தி, பத்து இருபது இலட்சம் ஆண்டுகளுக்கு முன் இரண்டு வெவ்வேறு இனங்கள் கலந்து உண்டானது. ஒன்று ஆபிரிக்க, ஆசியப் பருத்தியின் உறவு. மற்றது அமெரிக்கக் காட்டுப் பருத்தியின் உறவு. இரண்டின் நிறமூர்த்தங்களும் அப்படியே சேர்ந்து, மொத்தம் 52. அதாவது ஒரே கிதாபின் இரண்டு பதிப்புகளை ஒன்றாகக் கட்டி வைத்ததுபோல. ஒரு குறியைக் கண்டால், அது எந்தப் பதிப்பிலுள்ளது என்று முதலில் பிரித்தறிய வேண்டும்.

இரண்டாவது சிக்கல், பயிரிடப்படும் மேட்டுநில இனங்கள் ஒன்றுக்கொன்று மிக நெருங்கிய சொந்தம். வேறுபாடு இல்லாத இடத்தில் குறி எங்கிருந்து வரும்? அதனால் 1994 வரைபடத்துக்கு மேட்டுநிலப் பருத்தியை, எகிப்துப் பருத்தி சேர்ந்த நீள் இழை இனத்தோடு கலக்க வேண்டி வந்தது. அங்கே தெளிவாகத் தெரிந்த பல குறிகள் மேட்டுநில இனங்களுக்குள் பயன்படவில்லை. தனி எழுத்து வேறுபாடுகளையே குறியாகக் கொள்ளும் முறை வந்த பிறகுதான் நிலைமை மாறியது. 2015இல் ஏறக்குறைய 63,000 குறிகளை ஒரே தடவையில் பார்க்கும் சில்லு ஒன்று பருத்திக்கு வந்தது. அதே ஆண்டில் மேட்டுநிலப் பருத்தியின் முழு டி.என்.ஏ. வரிசையும் வெளியானது.

பலன் என்ன? வேர்முடிச்சு நூற்புழுவை எடுத்துக்கொள்வோம். அதை எதிர்க்கும் இரண்டு முக்கிய இடங்கள் 11ஆம், 14ஆம் நிறமூர்த்தங்களில் உள்ளன. ஒன்று வேரில் முடிச்சு விழுவதைக் குறைக்கிறது. மற்றது புழு முட்டையிடுவதைக் குறைக்கிறது. முன்பு செடியைப் பிடுங்கி, வேரைக் கழுவி, முட்டை எண்ண வேண்டும். இப்போது நாற்றின் ஒரு துண்டு இலை போதும். செடியும் சாகாது.

இதைவிடக் கனமான பாடம் பாகிஸ்தானில் நடந்தது. இலைச்சுருள் நோய் 1967இல் முல்தான் பக்கத்தில் காணப்பட்டது. வெள்ளை ஈ பரப்பும் வைரசு அது. 1990களின் ஆரம்பத்தில் பஞ்சாப் வயல்களை நாசமாக்கியது. எதிர்ப்புள்ள இனங்களைக் கண்டுபிடித்து விதைத்தார்கள். விவசாயிகள் மூச்சு விட்டார்கள். 2001இல் புரேவாலாவில் வைரசு புது வடிவில் வந்து, அந்த இனங்களையும் வீழ்த்தியது.

ஒரு பூட்டை உடைத்த கள்வனுக்கு இரண்டு மூன்று பூட்டுப் போட வேண்டும். பல எதிர்ப்புப் பரம்பரையலகுகளை ஒரே செடியில் சேர்ப்பதுதான் வழி. ஆனால் ஒன்று உள்ள செடியும் மூன்று உள்ள செடியும் வயலில் ஒரே மாதிரித்தான் பச்சையாக நிற்கும். கண்ணால் பிரிக்க ஏலாது. குறி மட்டுமே எண்ணிச் சொல்லும்.

இது மரபணு மாற்றமா என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. கலப்பது பழைய முறைப்படி மகரந்தத்தால்தான். தெரிவு மட்டும் டி.என்.ஏ.யைப் பார்த்துச் செய்யப்படுகிறது.

ஒன்றை மறக்கக் கூடாது. குறி என்பது அயலவன், வீட்டுக்காரன் அல்ல. இடையில் துண்டு மாறிவிட்டால் குறி இருக்கும், குணம் இருக்காது. இழை நீளம் போன்ற குணங்களைப் பல பரம்பரையலகுகள் சேர்ந்து தீர்மானிக்கின்றன. மண்ணும் மழையும் அதில் பங்கெடுக்கின்றன. ஆகவே குறி ஆயிரத்தை ஐம்பதாகக் குறைத்துத் தரும். அந்த ஐம்பதை வயலில் வளர்த்துத்தான் பார்க்க வேண்டும். முல்தான் விவசாயி கடன்பட்டு வாங்கும் விதை, அப்படிப் பார்த்துத் தேறியதாக இருக்க வேண்டும்.

வாப்பாவிடம் இதையெல்லாம் ஒருநாள் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நல்ல விசயம். எண்டாலும் தறியில ஒருக்கா ஏத்திப் பாருங்க."